இரண்டு வாளி மணல்

குறிஞ்சிப்பாடி தாண்டி
முந்திரித் தோப்புகள் இருபக்கமும் நெருங்கும் இடத்தில்
ஏற்றம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.
சைக்கிளில் போகிறவனின் முழங்காலுக்குத் தெரியும்.
நாற்பத்திரண்டு பெட்டி உரமூட்டைக்குத் தெரியும்.

மேலே மின்கம்பி வராத காலம்.
நள்ளிரவு தாண்டிய தூறல்.
பெருமழை என்றால் பயமில்லை,
தண்டவாளத்தைக் கழுவிவிட்டுப் போகும்.
தூறல்தான் துரோகி.
துருவையும் எண்ணெயையும் உதிர்ந்த முந்திரி இலையையும்
குழைத்துப் பூசிவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் நிற்கும்.

முதலில் விளக்கு.
மஞ்சளாய் ஒரு பொட்டு, அணைந்து, திரும்ப வந்தது.
அப்புறம் பஸ்ஸர்.
ஆம்பியர் முள் மயங்கிச் சரிந்தது.
ஞானசீலன் சார் எட்டாம் நாட்ச்சிலிருந்து ஐந்துக்கு இறக்கினார்,
மூன்றுக்கு.
பிடித்தது.
ஏற்றினார்.
பிடி விட்டது.
காலுக்கடியில் ஆறு அச்சும் ஒரே இடத்தில் நின்று
அரைத்துக்கொண்டிருந்தன, கிரைண்டரில் உளுந்து தீர்ந்த பிறகும்
யாரோ நிறுத்த மறந்ததுபோல.

பலம் இல்லாமல் நின்ற எஞ்சினை
நான் இன்னும் பார்க்கவில்லை.
பலம் எல்லாம் இருந்தும் நின்றதைத்தான் பார்க்கிறேன்.

ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம்
பழைய பத்துப்பைசா அளவு என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
பன்னிரண்டு சக்கரம்.
ஒன்று இருபது காசை நம்பி
மூவாயிரத்து நானூறு டன்.

"சாண்டர் அடி, வேதநாயகி."
அடித்தேன். காற்று மட்டும் வந்தது.
டார்ச்சோடு இறங்கிப் பெட்டியைத் திறந்தால்
மணல் ஈரம் குடித்துப் புட்டாய் இறுகியிருந்தது.
ஸ்பேனரால் குழாயைத் தட்டினேன்.
ஒரு கட்டி விழுந்தது.
அவ்வளவுதான் அரசாங்கத்தின் மணல்.

எஞ்சின் மூக்கு லெவல் கிராஸிங்கில்,
வால் அரை கிலோமீட்டர் பின்னால் இருட்டில்.
கேட்கீப்பர் கலியபெருமாள் தலையில் பாலிதீன் உறையோடு வந்து
எப்ப எடுப்பீங்க என்றார், நான் ஓட்டுவதுபோல.
மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி.
விளக்கை அணைத்து,
தார்ப்பாயை இழுத்துக் கட்டி,
பின்கதவு இடுக்கில் சொட்டிக்கொண்டு.

சீருடையும் டார்ச்சுமாக நான் நடந்ததைப் பார்த்து
டிரைவர் குதித்திறங்கினான்.
"மேடம், பர்மிட் இருக்கு. ஓனர்கிட்ட இருக்கு.
காலையில—"
"வாளி இருக்கா?" என்றேன்.

அவன் பெயர் பாவாடை. அதைச் சொல்லவே
நூறு அடி நடக்க வேண்டியிருந்தது.
இடது தண்டவாளம் அவனுக்கு, வலது எனக்கு.
குனிந்து, பிடிப்பிடியாய், மெல்லிசாய்த் தூவிப் போனோம்.
கோலம் போடுற மாதிரி இருக்கே என்றார் கலியபெருமாள்.
இல்லை.
கோலத்துக்குக் குனிந்தால்
பின்னால் நூற்றுச்சொச்சம் டன் எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்காது.

"எந்த ஆறு?" என்று கேட்டேன்.
வாளிக்குள் குனிந்து எதையோ தேடினான்.
கைக்குள் மணல் இன்னும் குளிராக இருந்தது,
ஒரு நத்தை ஓடு, கண்ணாடி மாதிரி.
இரண்டாவது வாளிக்கு நானே ஆளனுப்பினேன்.
திரும்பக் கேட்கவில்லை.

ஓரமாய் ஒதுங்கிக் கைவிளக்கை ஆட்டினேன்.
சார் ஒன்றில் வைத்தார். இரண்டில்.
சக்கரத்துக்கடியில் மணல் நொறுங்கும் சத்தம்,
அப்பளம் என்று சொன்னால் சின்னதாகிவிடும்.
கப்ளிங் ஒவ்வொன்றாய் இறுகி,
அந்த 'டக்' இருட்டுக்குள் பின்னோக்கிப் போய்
போய்
கேட்காமல் ஆனபோது
எல்லாம் ஒன்றாக நகர்ந்தது.

ஏணியைப் பிடித்து ஏறித் திரும்பிப் பார்த்தேன்.
வெறும் வாளியோடு நின்றான்,
சலாம் வைப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு கையோடு.

குறிப்பேட்டில் எழுதினேன்:
தூறல். சக்கர நழுவல். நாற்பத்தொரு நிமிடம்.
மணல் எங்கிருந்து என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.

வடலூர் விளக்குகள் தெரிந்தபோது
பல்லிடுக்கில் நறுக்கென்றது.
ஜன்னல் வழியே துப்பினேன்.
இன்னும் இருந்தது.